யானை விலை இறங்கும், தீனி விலை இறங்காது

செகண்ட் ஹேண்ட் சந்தையில் பத்துப் பன்னிரண்டு வயதான போர்ஷே கயென் டர்போ என்ற ஜெர்மன் சொகுசு எஸ்.யு.வி. ஒன்று புது இன்னோவா ஹைகிராஸ் விலைக்கு நிற்பதைப் பார்த்தால் யாருக்கும் கை துறுதுறுக்கும். 4.8 லிட்டர் வி-8 எஞ்சின், இரண்டு டர்போ, 500 குதிரைத்திறன், நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட 4.7 வினாடி, உச்ச வேகம் 278. புதிதாக இறங்கியபோது ஒன்றரைக் கோடிக்கு மேல் கொடுத்து எடுத்த வண்டி. விலையைக் கேட்டு முடித்ததும் நம்மூரில் எல்லாரும் அடுத்துக் கேட்பது ஒன்றுதான்: மைலேஜ் என்ன கொடுக்கும்? கேட்கட்டும், தப்பில்லை. ஆனால் இந்த மாதிரி வண்டியில் பெட்ரோல் என்பது கண்ணுக்குத் தெரிகிற செலவு, வாராவாரம் பங்க்கில் நின்று கொடுப்பதால் வலிக்கிறது, அவ்வளவுதான். பணம் நிஜமாகக் கரைகிற இடங்கள் வேறு.

சரி, பெட்ரோலிலிருந்தே ஆரம்பிப்போம். முதல் தலைமுறை கயென் டர்போ வந்தபோது அதற்குச் சொன்ன அதிகாரபூர்வக் கணக்கு 100 கிலோமீட்டருக்கு 15.7 லிட்டர். நம் வழக்கில் சொன்னால் லிட்டருக்கு 6.4 கிலோமீட்டர். 2010இல் வந்த இரண்டாம் தலைமுறையில் அது 11.5 லிட்டராக இறங்கியது, அதாவது லிட்டருக்கு 8.7. இது சும்மா வந்த முன்னேற்றம் இல்லை. 2,355 கிலோவாக இருந்த வண்டியை 2,170க்குக் கொண்டுவந்தார்கள், காடு மேடுகளுக்கான லோ ரேஞ்ச் கியரைத் தூக்கிவிட்டார்கள், ஆறு கியருக்குப் பதில் எட்டு வைத்தார்கள், சிக்னலில் எஞ்சின் தானே அணைந்து தானே கிளம்பும் ஸ்டார்ட்-ஸ்டாப் வசதியும் சேர்ந்தது. பொறியாளர்கள் உழைத்திருக்கிறார்கள், அதில் சந்தேகமில்லை.

ஆனால் அந்த 8.7 எங்கே கிடைத்தது என்று பார்க்க வேண்டும். ஐரோப்பாவில் அப்போது நடைமுறையில் இருந்த என்.இ.டி.சி. என்ற சோதனையில், ஆய்வகத்துக்குள் உருளைகள்மேல் நிறுத்தி ஓட்டுவார்கள். மொத்தம் 11 கிலோமீட்டர், சுமார் 20 நிமிடம். அதில் பூஜ்யத்திலிருந்து 50 கிலோமீட்டர் வேகத்துக்குப் போக 26 வினாடி எடுத்துக்கொள்ளலாம். 4.7 வினாடியில் நூறைத் தொடும் வண்டியை வாங்கியவர் எவர் அப்படி ஓட்டுவார்? ஷேர் ஆட்டோகூட அதைவிட வேகமாகக் கிளம்பும். இந்தியாவில் ஏ.ஆர்.ஏ.ஐ. என்ற வாகனச் சோதனை நிறுவனம் தரும் சான்றிதழுக்குப் பயன்படும் சுழற்சியும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான், உச்ச வேகம் மட்டும் 90 கிலோமீட்டரோடு நிறுத்திவிடுவார்கள். அமெரிக்க அரசின் சோதனை கொஞ்சம் கறார். ஏசி போட்டு, வேகமாக மிதித்து, குளிரில் வைத்து என்று பலவிதமாகப் பார்க்கும். அதில் இதே வண்டிக்கு நகரத்தில் ஒரு கேலனுக்கு 15 மைல், நெடுஞ்சாலையில் 22 மைல் என்று வந்தது. நம் கணக்கில் லிட்டருக்கு 6.4 மற்றும் 9.4.

ஐரோப்பாவில் இப்போது டபிள்யூ.எல்.டி.பி. என்ற புதுச் சோதனை இருக்கிறது, பழையதைவிட நேர்மையானது. அப்படியும் 2021இல் பதிவான கார்களின் கணினியில் சேர்ந்த நிஜ ஓட்டத் தகவலைத் திரட்டி ஐரோப்பிய ஆணையம் 2024இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. பெட்ரோல் கார்கள் சான்றிதழில் சொன்னதைவிடச் சராசரியாக 23.7 சதவீதம் கூடுதலாகக் குடித்திருந்தன. சார்ஜ் போட்டு ஓட்டும் பிளக்-இன் ஹைபிரிட்களின் கதை இன்னும் மோசம்: காகிதத்தில் சொன்னதைப் போல மூன்றரை மடங்கு. காரணம் எளிது, வாங்கியவர்கள் பாதிப்பேருக்கு மேல் ஒழுங்காகச் சார்ஜ் போடுவதில்லை என்றே நான் நினைக்கிறேன். புதுக் கயெனின் ஹைபிரிட் டர்போ வகைக்கு விளம்பரத்தில் 'நூறு கிலோமீட்டருக்கு ஒன்றிரண்டு லிட்டர்' என்ற தோரணையில் எண் வந்தால் அதை இந்த வெளிச்சத்தில் படிக்கவும்.

அப்படியானால் சென்னையில் என்ன கிடைக்கும்? அண்ணா சாலையிலும் ஓ.எம்.ஆரிலும் அலுவலக நேரத்தில் ஓட்டினால் லிட்டருக்கு நான்கு, ஐந்து. அதற்குமேல் வந்தால் ஞாயிற்றுக்கிழமை ஓட்டியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். ஏன் இவ்வளவு குறைவு என்பதைச் சின்னக் கணக்கிலேயே பார்த்துவிடலாம். ஆள், சாமான் எல்லாம் சேர்த்து 2,300 கிலோ எடையை 60 கிலோமீட்டர் வேகத்துக்கு ஏற்ற, கிட்டத்தட்ட 320 கிலோஜூல் ஆற்றல் சக்கரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பது ஏறக்குறைய 32,000 கிலோஜூல், அதில் கால் பங்கு சக்கரத்துக்குப் போனாலே பெரிய விஷயம். ஆக, ஒரு தடவை சிக்னலில் நின்று கிளம்பி அறுபதைத் தொட்டால் 40 மில்லி பெட்ரோல் காலி. அடுத்த சிக்னலில் பிரேக்கை மிதிக்கிறோம், அந்த ஆற்றல் முழுக்க டிஸ்க்கில் சூடாகிக் காற்றோடு போகிறது. மறுபடி 40 மில்லி. இருபத்தைந்து தடவை இப்படிச் செய்தால் ஒரு லிட்டர், அதாவது சுமார் நூறு ரூபாய். ஒரு டன் எடையுள்ள சின்னக் காருக்கு இதில் பாதிகூட ஆகாது. இத்தனைக்கும் சிக்னலில் நிற்கும் நேரத்தை நான் இன்னும் கணக்கில் சேர்க்கவே இல்லை. மே மாத வெயிலில் ஏசி ஓடிக்கொண்டிருக்கும்போது ஸ்டார்ட்-ஸ்டாப் பெரும்பாலும் வேலை செய்யாது, எட்டு சிலிண்டரும் சும்மா சுற்றிக்கொண்டு மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் எரித்துக்கொண்டிருக்கும்.

நெடுஞ்சாலையில் வேறு மாதிரிச் சிக்கல். திருச்சி சாலையில் நிதானமாக 100 கிலோமீட்டரில் போய்க்கொண்டிருக்கிறீர்கள் என்றால், காற்றையும் டயர் உராய்வையும் சமாளிக்க இந்த வண்டிக்கு வேண்டியது ஏறத்தாழ 27 குதிரைத்திறன்தான். ஐந்நூறு குதிரையில் மீதி நானூற்றுச் சொச்சமும் லாயத்தில் நிற்கின்றன, ஆனால் அவற்றைத் தாங்கும் பெரிய பிஸ்டன்களும், எட்டு சிலிண்டரின் உராய்வும், பாதிக்குமேல் மூடியிருக்கும் திராட்டில் என்ற காற்றுக் கதவு வழியே காற்றை இழுக்கும் சிரமமும் கூடவே வந்துகொண்டிருக்கின்றன. பெரிய எஞ்சினை மெதுவாக ஓட்டுவது சிக்கனம் இல்லை என்பதற்கு இதுதான் காரணம். வேகமாக ஓட்டினால்? 140க்குப் போனால் தேவைப்படும் திறன் இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிடும், காற்றின் எதிர்ப்பு அப்படி. முழுசாக மிதிக்கும்போது எஞ்சின் உள்ளே சூடு ஏறாமலிருக்கக் கணினியே தேவைக்கு மேல் பெட்ரோலைத் தெளிக்கவும் செய்யும்.

பெட்ரோலின் தரமும் ஒரு பிரச்சினை. நேரத்துக்கு முன்பே தானாக வெடிக்காமல் பெட்ரோல் எவ்வளவு தாங்கும் என்பதைச் சொல்லும் எண்தான் ஆக்டேன்; இந்த எஞ்சின் 98ஐ மனதில் வைத்துச் செய்தது, 95 குறைந்தபட்சம். நம் பங்க்குகளில் பல வருடம் சாதாரண பெட்ரோல் 91தான். குறைந்த ஆக்டேன் போட்டால் அந்த முன்கூட்டிய வெடிப்பை நாக் சென்சார் கண்டுபிடித்துப் பற்றவைக்கும் நேரத்தைத் தள்ளிப்போடும், எஞ்சின் பிழைத்துக்கொள்ளும், ஆனால் இழுவையும் மைலேஜும் குறையும். இப்போது எங்கும் 20 சதவீதம் எத்தனால் கலந்த இ-20 பெட்ரோல் வந்துவிட்டது. எத்தனால் ஆக்டேனைக் கூட்டும் என்பது உண்மை, ஆனால் அதில் இருக்கும் ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. பழைய வடிவமைப்புக் கார்களில் மைலேஜ் 6, 7 சதவீதம் குறையலாம் என்று நிதி ஆயோக் அறிக்கையே சொல்லியிருக்கிறது. பத்து வயது வண்டியின் ரப்பர் ஹோஸ்களையும் சீல்களையும் இ-20க்காக யாரும் சோதித்துப் பார்க்கவில்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது ரூபாய்க் கணக்கு. வருடத்துக்கு 10,000 கிலோமீட்டர், லிட்டருக்கு 5 என்றால் 2,000 லிட்டர். லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தால் இரண்டு லட்சம். அதே தூரத்தை ஹைகிராஸ் ஹைபிரிட்டில் லிட்டருக்கு 15 என்று ஓட்டினால் 67,000 ரூபாய். வித்தியாசம் வருடத்துக்கு ஒன்றேகால் லட்சத்துக்குச் சற்று மேல். குறைவு என்று சொல்லமாட்டேன். ஆனால் இந்த வண்டியின் மற்ற செலவுகளுக்குப் பக்கத்தில் வைத்தால் இது சில்லறை.

புதிதாக வாங்கியவரின் கணக்கைப் பார்த்தால் அது புரியும். தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஆயுள் வரி 20 சதவீதம். இரண்டு கோடி ரூபாய் வண்டிக்கு வரி மட்டும் 40 லட்சம். மேலே போட்ட கணக்குப்படி அது இருபது வருடப் பெட்ரோல், வண்டி ஷோரூமை விட்டு வெளியே வரும் முன்பே. முழுதாகக் கட்டி இறக்குமதியாகும் இந்த விலைக் கார்களுக்குச் சுங்க வரி வேறு நூறு சதவீதத்தை ஒட்டியே இருந்துவந்திருக்கிறது, பதிவு செய்த மறுநாள் அதில் ஒரு பைசாவும் திரும்பி வராது. ஒன்றரைக் கோடிக்கு மேல் கொடுத்த வண்டி பன்னிரண்டு வருடத்தில் முப்பது லட்சத்துக்கு வந்தால், வருடத்துக்குப் பத்து லட்சம் மதிப்பிலேயே போயிருக்கிறது. அவர் ஏன் மைலேஜைப் பற்றி வாய் திறப்பதில்லை என்று இப்போது தெரிகிறதா? அந்தப் பள்ளத்தை முதல் ஓனர் நிரப்பிவிட்டார், நமக்கு லாபம் என்று இரண்டாவது, மூன்றாவது ஓனர் நினைக்கிறார். பாதி சரி. வண்டியின் விலைதான் இறங்கியது, அதன் உதிரி பாகங்கள் இன்னமும் கோடி ரூபாய் வண்டியின் பாகங்கள்தான்.

டயரைக் குனிந்து பாருங்கள். 20 இன்ச் சக்கரம் என்றால் 275/45 என்று எழுதியிருக்கும், பக்கத்தில் எங்காவது சின்னதாக 'என்' என்ற ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும், போர்ஷே சோதித்து ஒப்புக்கொண்ட டயர் என்பதற்கான அடையாளம். நான்கும் மாற்ற ஒன்றரை லட்சத்துக்குக் குறையாமல் எடுத்து வையுங்கள். இரண்டு டன்னுக்கு மேல் எடையையும் 700 நியூட்டன் மீட்டர் இழுவையையும் தாங்கும் டயர் நாற்பது, ஐம்பதாயிரம் கிலோமீட்டர் உழைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. இங்கேதான் பலர் சிக்கனம் பார்க்கிறார்கள், பின்னால் இரண்டை மட்டும் புதிதாகப் போடுவது, அல்லது கிடைத்த பிராண்டில் ஒன்றைச் செருகுவது. இந்தத் தலைமுறை கயெனில் முன்சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்தனுப்புவது டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் இருக்கும் பல தட்டுக் கிளட்ச். முன் டயரும் பின் டயரும் ஒரே அளவு தேய்ந்திருக்கவில்லை என்றால் சுற்றும் வேகம் மாறும், அந்த வித்தியாசத்தைக் கிளட்ச் தட்டுகள் ஓயாமல் வழுக்கியே சமாளிக்கும். அதற்குள் இருக்கும் ஆயிலும் அதனால் சீக்கிரம் கெடும். மெதுவாக மிதித்து வேகமெடுக்கும்போது வண்டி விட்டுவிட்டு உதறுவது இந்த மாடலில் உலகம் முழுக்கத் தெரிந்த நோய். டயரில் மிச்சம் பிடித்த முப்பதாயிரம், டிரான்ஸ்ஃபர் கேஸில் பல மடங்காகத் திரும்பி வரும். வண்டி பார்க்கப் போனால் முதலில் நான்கு டயரிலும் தயாரிப்புத் தேதியைப் படியுங்கள், நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டும் வாரம், பின் இரண்டும் வருடம். நான்கும் வெவ்வேறு வருடம், வெவ்வேறு பிராண்ட் என்றால் முந்தைய ஓனர் எங்கெல்லாம் கை இழுத்துப் பிடித்திருப்பார் என்று ஊகிக்க வேறு ஆதாரம் தேவையில்லை.

பிரேக்கும் அப்படித்தான். முன் டிஸ்க்கின் விட்டம் 390 மில்லிமீட்டர். மாருதி 800இன் சக்கரமே 12 இன்ச், 305 மில்லிமீட்டர்தான். ஒரு காரின் சக்கரத்தைவிடப் பெரிய டிஸ்க், அதை இறுக்கிப் பிடிக்கும் கவ்வியான கேலிப்பரில் ஆறு பிஸ்டன். சிவப்பு கேலிப்பர் என்றால் இரும்பு டிஸ்க், பேடும் டிஸ்க்கும் சேர்த்து மாற்றும்போது ஒரு பழைய ஆல்ட்டோ விலை ஆகும் என்று மனதைத் தயார் செய்துகொண்டால் போதும். மஞ்சள் கேலிப்பர் என்றால் செராமிக் டிஸ்க். பார்க்க அழகு, மாற்ற வேண்டி வந்தால் தலை சுற்றும், நானாக இருந்தால் மஞ்சளைக் கண்டதும் அடுத்த வண்டிக்கு நடையைக் கட்டுவேன்.

டர்போவில் ஏர் சஸ்பென்ஷன் கட்டாயம் வரும். ரப்பர் பைகளில் காற்றை அடைத்து வண்டியைத் தூக்கி நிறுத்தும் அமைப்பு, ரப்பருக்கு வயதானால் நம்மூர் வெயிலில் வெடிப்பு விடும். ராத்திரி நிறுத்திய வண்டி காலையில் ஒரு பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருந்தால் கசிவு ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அப்போதே பார்க்காமல் விட்டால் கம்ப்ரஸர் ஓயாமல் ஓடி அதுவும் போகும். இன்னும் மலிவாகக் கிடைக்கிறதே என்று முதல் தலைமுறை வி-8க்குப் போகிறவர்களுக்கு வேறொரு சோதனை காத்திருக்கிறது. எஞ்சினின் இரண்டு வரிசை சிலிண்டருக்கும் நடுவே, சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்தனுப்பும் இன்டேக் மேனிஃபோல்டுக்குக் கீழே, எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் போகும் குழாய்களைப் பிளாஸ்டிக்கில் வைத்திருந்தார்கள். அவ்வளவு சூட்டில் பிளாஸ்டிக் காலப்போக்கில் நொறுங்காமல் என்ன செய்யும்? பின்னாளில் அலுமினியக் குழாய் வந்தது. குழாயின் விலை பெரிதல்ல, அதை மாற்ற மேனிஃபோல்டைக் கழற்றும் கூலிதான் பெரிது. மாற்றியாகிவிட்டதா என்று பில்லைக் கேட்டு வாங்குங்கள். வாய்ச் சொல்லை நம்ப வேண்டாம்.

இன்சூரன்ஸில் ஒரு பொறி இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. 1,500 சி.சி.க்கு மேற்பட்ட எல்லாக் காருக்கும் மூன்றாம் நபர் காப்பீடு வருடத்துக்கு 7,897 ரூபாய் என்பதால் பிரீமியம் பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் பாலிசியில் எழுதியிருக்கும் காப்பீட்டு மதிப்பு பழைய வண்டிக்கு இருபது, இருபத்தைந்து லட்சம்தான் வரும். பழுதுச் செலவு அதில் 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டியை 'முழு நஷ்டம்' என்று கணக்குத் தீர்த்துவிடலாம் என்பது விதி. முன்பக்கம் நன்றாக ஒரு இடி வாங்கி, ஹெட்லைட், ரேடியேட்டர், பம்பர், ஏர்பேக் எல்லாம் புது விலையில் கூட்டினால் அந்த எல்லை ஒன்றும் தூரத்தில் இல்லை. சின்ன இடி என்றால் இன்னொரு வகையில் அடி: தேய்மானக் கழிவு இல்லாத பாலிசியைப் பழைய வண்டிக்குப் பெரும்பாலும் தரமாட்டார்கள், அப்போது பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதிப் பணம் நம் கையிலிருந்து போகும், பத்து வயது தாண்டிய வண்டியில் இரும்புப் பாகங்களுக்கும் பாதி. சென்னைக்காரர்களுக்கு இன்னொன்று. தண்ணீரில் ஓட்டி எஞ்சினுக்குள் தண்ணீர் ஏறினால் சாதாரண பாலிசி காப்பாற்றாது, அதற்குத் தனியாக எஞ்சின் பாதுகாப்பு சேர்த்திருக்க வேண்டும். 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் முங்கிய கார்கள் எல்லாம் காயலான் கடைக்குப் போகவில்லை. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள், டிக்கியின் அடியில் ஸ்டெப்னி குழியைத் தொட்டுப் பாருங்கள். சேறு காய்ந்த கோடு அங்கேதான் மிஞ்சும்.

ஆர்.டி.ஓ. பக்கமும் ஒரு செலவு உண்டு. பதினைந்து வருடம் முடிந்து ஆர்.சி.யைப் புதுப்பிக்கப் போனால் சாதாரண காருக்கு 5,000 ரூபாய், இறக்குமதியான காருக்கு 40,000. இது 2022 ஏப்ரலில் வந்த கட்டணம். இருபது வருடம் தாண்டினால் அது முறையே 10,000, 80,000 என்று 2025இல் ஆக்கிவிட்டார்கள். முதல் தலைமுறைக் கயென்கள் இந்த வலையில் ஏற்கெனவே விழுந்துவிட்டன. இரண்டாம் தலைமுறையின் ஆரம்ப வண்டிகளுக்கும் நேரம் வந்துவிட்டது.

இவ்வளவும் படித்த பிறகும் கயென்தான் வேண்டும் என்றால், டர்போவை விட்டுவிட்டு அதே தலைமுறையின் 3 லிட்டர் டீசலைப் பாருங்கள். 245 குதிரை, 550 நியூட்டன் மீட்டர், காகிதத்தில் 100 கிலோமீட்டருக்கு 7.2 லிட்டர். நிஜத்தில் லிட்டருக்கு ஒன்பது, பத்து எதிர்பார்க்கலாம். எரிபொருளில் வருடத்துக்கு ஒரு லட்சம் மிச்சமாகும், ஆனால் நான் அதைச் சொல்வது அதற்காக இல்லை. டீசல் வகைக்குச் சாதாரண இரும்பு ஸ்பிரிங்தான் அடிப்படையாக வந்தது, ஏர் சஸ்பென்ஷன் கூடுதல் பணம் கொடுத்தவர்களுக்கு மட்டும். ஆகவே விற்பவர் 'இதில் ஏர் சஸ்பென்ஷன் இல்லையே' என்று தயங்கித் தயங்கிச் சொல்லும் வண்டியைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும். பிரேக்கும் சின்னது, எஞ்சினில் பல பாகங்கள் வோக்ஸ்வேகன், ஆடி வண்டிகளோடு பொதுவானவை, போர்ஷே பெட்டியில் வராத அதே பாகத்தைக் குறைந்த விலைக்கு வாங்கித் தரத் தெரிந்த மெக்கானிக்குகள் சென்னையிலும் கோவையிலும் இருக்கிறார்கள். அப்புறம், ரொம்பவே மலிவாக ஒரு டீசல் கயென் கண்ணில் பட்டால் நம்பர் பிளேட்டைப் பாருங்கள், டெல்லியாக இருக்கலாம். அங்கே பத்து வருட டீசலுக்குத் தடை என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு நல்ல நிலையில் இருந்த வண்டிகளும் அடிமாட்டு விலைக்குத் தெற்கே வந்தன. தடையில்லாச் சான்று கையில் இருக்கிறதா, இங்கே மறுபதிவுக்குக் கட்ட வேண்டிய ஆயுள் வரி எவ்வளவு என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரித்து, அந்தத் தொகையை விலையோடு சேர்த்துக் கூட்டிவிட்டு அப்புறம் பேரம் பேசுங்கள்.